பத்திரத்தில் ஒரு வரி!

கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். போட்டதை ரத்து செய்ய, சில சமயம் ஐகோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது!

ஓசூர் அருகே உள்ள கிராமம் தொரப்பள்ளி. மூதறிஞர் ராஜாஜி 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்த ஊர். தந்தை கிராம முன்சீப். மகன் சட்டம் படித்து, 1900-ம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் ஆனார். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம்.

அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இப்போது வக்கீல் மிகவும் தேவை. ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. பெங்களூரும் பக்கம். ராகி விளைந்த நிலமெல்லாம் மனை ஆகிறது. பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். நிலம் தாய் தந்தை பேரில் இருக்கிறது.

"அம்மா! என் பேருக்கு எழுதிக் கொடு. கடைசி வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான் மகன். நல்ல மனதோடுதான் கேட்கிறான். ஆனால் அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்?

நாகப்பட்டினத்தில் நடந்தது

நாகப்பட்டினத்தில் ஒரு தாய்க்கு அப்படித்தான் நேர்ந்தது. மகள்கள் இருந்தும், பாசத்தால் ஒரே மகனுக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துவிட்டார். மருமகள் கவனிக்கவில்லை. 80 வயதைத் தாண்டிய அந்தத் தாய் ஆர்.டி.ஓ.விடம் போனார். பத்திரம் ரத்து ஆனது. மருமகள் ஐகோர்ட்டுக்குப் போனார். "அன்புக்காக எழுதினார் என்றாலே, கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது" என்ற கருத்தில், 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை ஐகோர்ட்டு தாயின் பக்கம் தீர்ப்புக் கூறியது.

அதை நம்பி இருந்துவிட முடியாது. "கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா?" என்றுதான் 2022-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் கேட்டது. அங்கே நிபந்தனை இல்லை. தாய் தோற்றார்.

ஆகவே அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். "உணவு, உடை, மருத்துவம், இருப்பிடம் தந்து என்னைக் கவனிக்க வேண்டும்" என்ற வரிதான் அது. ஆயுள் வரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் எழுதி வைக்கலாம்.

உயில் வேறு. அது இறந்த பிறகுதான் செல்லும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தால் சொத்து கை மாறிவிடும்.

பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி பேதலித்தால், சட்டப்படி அந்தப் பவர் முடிந்துவிடும். மறதி நோய் வருகிற வயதில் இது சிறிய சங்கதி அல்ல.

எந்த வக்கீல்?

"முதியோர் வக்கீல்" என்று யாரும் பலகை மாட்டியிருக்க மாட்டார்கள். சொத்து, குடும்ப வழக்குகளைப் பார்க்கும் சிவில் வக்கீலைத் தேடுங்கள். மகனுடைய வக்கீல் வேண்டாம். அவர் மகனுக்கு வேலை செய்பவர். பத்திரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய. அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அவசரப்படுத்துகிற வக்கீலிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம்!

பணம் இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்ப்பதில்லை. ஏழைகளுக்கும் உண்டு. மாவட்ட அலுவலகம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. போன் எண் 15100.

எழுதிக் கொடுத்து ஏமாந்துவிட்டால்?

2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் சப்-கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். தள்ளாதவர்களுக்காக வேறொருவரும் கொடுக்கலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். நோட்டீசு போன 90 நாளில் ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும். தவறினால் இன்னும் 30 நாள்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே வக்கீல் வாதாடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது! இது சரியல்ல என்று கேரள ஐகோர்ட்டு 2021-ல் கூறியது. பெரியவர்களுக்காகப் பேச சமூகநல அதிகாரி வரலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து விவரம் கேட்கலாம்.