பர்மா ராணியைத் தேடுகிறவர்கள்

பழைய யுத்தப் படங்களைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்களைக் கலைரசனை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 1945ல் வந்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்', 'கண்ணம்மா என் காதலி' எதுவும் மகத்தான படைப்பு இல்லை. கச்சா பிலிம் அரசின் பிடியில் இருந்த காலம். படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது. யுத்தத்தை ஆதரித்துப் படமெடு என்ற நெருக்கடி வேறு. மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரமே 'பர்மா ராணி'யில் ஜப்பானிய அதிகாரியாக வேஷம் கட்டினார். யுத்தம் முடிந்ததும் அந்த வில்லனுக்கான தேவையும் போயிற்று. நைட்ரேட் பிலிமோ நைந்து போகும், தீப்பிடிக்கும், வெள்ளிக்காகக் கரைக்கப்படும். புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964ல்தான். ஆகவே சேகரிப்பவன் கையில் பெரும்பாலும் அகப்படுவது பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்தான். கிடைக்காத சரக்கின் மேல் வரும் மோகம் இதில் இருக்கு, மறுக்க வேண்டாம்.

புதுக்கோட்டைப் பக்கம் விஷயம் வேறு. பொன்னமராவதி, ராயவரம் வட்டாரச் செட்டியார் வீடுகளில் பர்மா என்பது வட்டிக்கடை, தேக்கு, பிறகு பறிபோன சொத்து. 1942ல் ரங்கூன் விழுந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அந்தத் துயரத்திலும் வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை என்று தனித்தனி வழி. மூன்றே வருஷத்தில் அதே அரசுக்காக பர்மா திரைக்கதையானது. கறுப்புப் பாதையை அன்றைய சென்சார் திரையில் விட்டிருக்குமா? பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கத்தை இந்தக் கேள்வியோடு வாசிக்கணும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஜெராக்ஸ் எடுக்கவாவது கொடுக்கட்டும்.