மாத்திரையின் பெயரல்ல, தொடர்ச்சியே முக்கியம்

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலை அண்டியுள்ள சல்லி போன்ற கிராமங்களில் இருந்து அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளுக்கு வருவோரின் மருந்துப் பைகளில், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் வகை மாத்திரைகள் இன்று சர்வசாதாரணமாகிவிட்டன. ஒருவருக்கு அட்டோர்வஸ்டற்றின், அயலவருக்கு ரொசுவஸ்டற்றின் எனப் பெயர்கள் வேறுபடும்போது, எது சிறந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால், அதனிலும் பாரதூரமான பிரச்சினை ஒன்றுண்டு. இரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்துவிட்டது என்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர் என்பதே அதுவாகும்.

ஸ்டற்றின் மருந்துகளின் வரலாறு 1973 இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சணத்தில் கண்டறிந்த ஒரு பொருளுடன் ஆரம்பமாகியது. ஈரலில் கொலஸ்ட்ரோல் உற்பத்தியாவதற்குத் தேவையான நொதியம் ஒன்றை இம்மருந்துகள் தடுக்கின்றன. அதனால், ஈரல் இரத்தத்திலுள்ள தீய கொலஸ்ட்ரோலைக் கூடுதலாக உள்வாங்கிக்கொள்கிறது. 1994 இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் 4,444 இருதய நோயாளர் பங்குபற்றினர். சிம்வஸ்டற்றின் உட்கொண்டோரிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதத்தால் குறைந்திருந்தது. இப்பலன் ஐந்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்து மருந்தெடுத்ததால் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

இவை வலுவில் வேறுபட்டவை. சிம்வஸ்டற்றின் 20 முதல் 40 மில்லிகிராம் வரை எடுத்தால் தீய கொலஸ்ட்ரோல் மூன்றிலொரு பங்களவு குறையும். அட்டோர்வஸ்டற்றின் 40 முதல் 80 வரையோ, ரொசுவஸ்டற்றின் 20 முதல் 40 வரையோ எடுத்தால் அது பாதியளவு குறையும். எனவேதான் மாரடைப்புக்குள்ளானவர்களுக்கு இவ்விரண்டிலொன்று பெரும்பாலும் சிபாரிசு செய்யப்படுகின்றது. இவ்விரண்டையும் 4,400 நோயாளரிடம் மூன்று வருடங்கள் ஒப்பிட்ட கொரிய ஆய்வு 2023 இல் வெளியானது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ரொசுவஸ்டற்றின் கொலஸ்ட்ரோலைச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது. எனினும், புதிதாக நீரிழிவு ஏற்பட்டோர் அப்பிரிவிலேயே சற்று அதிகமாக இருந்தனர். ஆகவே, அயலவரின் மாத்திரை நமதைவிட மேலானது என்று ஏங்க வேண்டியதில்லை.

பக்க விளைவுகள் பற்றிய அச்சமும் நியாயமானதே. தசைநோவு ஏற்படலாம். தசைகளுக்குப் பாரதூரமான பாதிப்பை உண்டாக்கியமையால் செரிவஸ்டற்றின் 2001 இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஆனால், பக்க விளைவுகளால் ஸ்டற்றினைக் கைவிட்ட 60 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020 இல் வேறொரு உண்மையை உணர்த்தியது. அவர்கள் அனுபவித்த உபாதையில் ஏறத்தாழ 90 சதவீதம், மருந்தேயில்லாத போலி மாத்திரையை எடுத்தபோதும் ஏற்பட்டிருந்தது. தாங்கமுடியாத தசைநோவோ, சிறுநீர் கருமை நிறமாவதோ தென்பட்டால் உடனே வைத்தியரை நாடவேண்டும். ஏனைய சந்தர்ப்பங்களில் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுதல் அவசியம்.

நோன்பும் மருந்துக்குத் தடையல்ல. இது தினமும் ஒருமுறை எடுக்கும் மாத்திரை. அட்டோர்வஸ்டற்றினையும் ரொசுவஸ்டற்றினையும் எந்நேரத்திலும் எடுக்கலாம் என்பதால் ரமழானில் இப்தாரின் பின்னரோ ஸஹரிலோ உட்கொள்ளலாம். சிம்வஸ்டற்றின் இரவுக்கு உகந்தது. கோயில் விரதமிருப்போருக்கும் இது பொருந்தும். நீரிழிவு மருந்துகளின் நிலை வேறு. அவை பற்றி வைத்தியரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும்.

பெட்டியின் நிறமோ வர்த்தகப் பெயரோ மாறியதைக் கண்டு மருந்தைக் கைவிடுவோரும் உளர். 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால் அறியும் வழக்கத்தை வலியுறுத்தினார். அப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் நாம் ஒவ்வொருவரும் கிளினிக் கொப்பியில் பார்த்து அறிந்துகொள்வது நன்று.

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொலஸ்ட்ரோல் பழைய நிலைக்கு உயர்கின்றது. அப்போது உடலில் எவ்வித அறிகுறியும் தெரிவதில்லை; முதல் அறிகுறி மாரடைப்பாகவே இருக்கக்கூடும். தொழிலுக்குச் செல்லும் ஒரு நாளை இழந்து கிளினிக்குக்கு வருவது ஒரு கடற்றொழிலாளிக்குச் சிரமமானதே. எனினும், அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் பெரும் இழப்பல்ல.