நஞ்சை நிறுக்கும் நுண்துலாக்கோல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில், பாம்புக்கு அஞ்சாமல் காட்டுவேலைக்குச் செல்வோர் எவருமிலர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே உயிர்க்கொல்லிகள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது.

நஞ்சு என்பது ஒற்றைப் பொருளன்று. பல புரதங்களின் கலவை. முதலிரண்டு பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும். விரியன்களின் நஞ்சு இரத்தத்தை உறைய விடாது.

இப்புரதங்களை இனங்காண உதவுவது 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்னும் கருவி. முதலில் புரதத்தை டிரிப்சின் என்னும் நொதியால் சிறு துண்டுகளாக நறுக்குவர். அத்துண்டுகளுக்கு மின்னூட்டம் அளித்து வெற்றிடத்தில் செலுத்தினால், அவற்றின் நிறை துல்லியமாகத் தெரியவரும். கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதைப் போல, அந்நிறைகளைப் புரதப் பட்டியலோடு ஒப்பிட்டு இன்ன புரதம் என்று கூறிவிடலாம். பெரும் புரதங்களைச் சிதைக்காமல் மின்னூட்டும் வழிகளைக் கண்டதற்காக அமெரிக்காவின் ஜான் ஃபென், ஜப்பானின் கொய்ச்சி தனாகா ஆகியோர் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இதனால் நமக்கு என்ன பயன்? முறிமருந்து செய்வதற்கான நஞ்சில் பெரும்பங்கை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே நெடுங்காலம் அளித்து வந்துள்ளது. அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கின்றனர். ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதையும், சில பகுதிகளின் நஞ்சை இம்மருந்து போதிய அளவு முறிப்பதில்லை என்பதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2021இல் இக்கருவியின் துணையோடு காட்டினர். அந்தந்த மண்ணின் நஞ்சை அளந்தறிந்து மருந்தில் சேர்ப்பதே இதற்குத் தீர்வாகும்.

அதற்காக, இன்றுள்ள மருந்தைப் பயனற்றதெனக் கருதிவிடலாகாது. பாம்புக்கடிக்கு உரிய மருந்து அதுவே. கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிப்பவரைத் தேடி அலைவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு விரைந்திடுக. கண்ணாடிக் குழாயில் எடுத்த குருதி 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்தே மருத்துவர் விரியன் நஞ்சின் தீவிரத்தை அறிந்துகொள்வார்.

சுபுஹுத் தொழுகைக்கு இருளில் புறப்படும் பெரியவர்கள் கையில் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். வருமுன் காப்பது எளிதன்றோ!