பெற்ற முட்டையைத் தின்னும் மீன்!
வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி?

கோழி தன் முட்டையை அடைகாக்கும். ஆனால் "சீப்ரா" மீன் என்ன செய்யும் தெரியுமா? தான் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும்! ஆண் மீனும் கூடச் சேர்ந்து தின்னும்.

இந்த மீன் கூடு கட்டாது. முட்டைகளைத் தண்ணீரில் சிதறிவிட்டுப் போய்விடும். கீழே கிடக்கும் முட்டை அதற்கு வெறும் இரைதான். அந்த முட்டையைக் காப்பாற்றத் தெரிந்தால், நீங்களும் வீட்டில் மீன் குஞ்சு வளர்க்கலாம்.

நம் நாட்டு மீன்

சீப்ரா மீன் அரை விரல் நீளம்தான் இருக்கும். உடலில் நீலக் கோடுகள் வால் வரை ஓடும். 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இதைக் குறித்து வைத்தார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இதை வளர்க்கிறார்கள்.

கோலிக்குண்டு தந்திரம்

கண்ணாடித் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். அதற்கு மேல் நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரானால், ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து வாடை போனபின் ஊற்றுங்கள்.

வயிறு பருத்தது பெண். ஒல்லியானது ஆண். மாலையில் ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் விடுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். ஒரே காலையில் 100, 200 முட்டை கூட இடும்! அவை குண்டுகளின் இடுக்கில் விழுந்துவிடும். அங்கே மீனின் வாய் எட்டாது. பிறகு பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள்.

குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக்கக் கருவி வேண்டும். புதுக்கோட்டையில் அந்தச் செலவு இல்லை. 28 டிகிரி வெப்பத்தில் 2, 3 நாளில் குஞ்சு பொரித்துவிடும். சித்திரை வெயில் மட்டும் நேரே படக்கூடாது.

ஐந்தாம் நாள் கண்டம்

பொரித்த குஞ்சுக்கு உடனே இரை போடாதீர்கள். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சோறு. முட்டையிட்ட 5-ம் நாள் வாக்கில்தான் நீந்தி இரை தேடும். அப்போது அதன் வாய் மிகச் சிறியது. கடைத் தீனி நுழையாது. தகுந்த இரை இல்லாவிட்டால், குஞ்சுகள் கூட்டமாகச் செத்து மிதக்கும். பலர் தோற்பது இங்கேதான்.

இதற்கு வழி உண்டு. பெரிய மீன்களைச் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே, பழைய மீன்தொட்டித் தண்ணீரில் ஒரு துண்டு வாழைப்பழத் தோலைப் போட்டு வையுங்கள். தண்ணீர் கலங்கும், நாறும், பிறகு தெளியும். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகியிருக்கும். அதைத் தினமும் சில கரண்டி ஊற்றுங்கள். பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்!

கண்மாயில் விடாதீர்கள்

மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடும் பருவம் அடையும். மீன் பெருகிவிட்டால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள்; கடையில் கேட்டால் விற்றுவிடுங்கள். கண்மாயிலோ ஊருணியிலோ மட்டும் விடாதீர்கள். தொட்டி மீனுக்கு நோய் இருந்தால், அது கண்மாய் மீன்களையும் பற்றும். தொட்டி மீன் உங்களுடையது. கண்மாய் மீன் ஊருக்கே சொந்தம்!