கோபுர முத்திரையின் கீழ் ஓர் அரசு

தமிழ்நாடு அரசின் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் ஒரு கோபுரம் நிற்கும். குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என்று எல்லாவற்றிலும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம்தான் அது என்பது பரவலான நம்பிக்கை. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரை மேலக்கோபுரத்தைப் பார்த்தே வரைந்தார் என்பாரும் உண்டு. எந்தக் கோபுரமாக இருந்தாலும் கேள்வி ஒன்றே. மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்ணின் குடும்ப அட்டையிலும் தூத்துக்குடிக் கிறித்தவ மீனவரின் சான்றிதழிலும் ஓர் இந்துக் கோயிலின் கோபுரம் இருக்கலாமா? மதச்சார்பற்ற அரசுக்கு இது தகுமா?

1940-களின் இறுதியில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக்காலத்தில் இந்த முத்திரை உருவானபோதே இந்தக் கேள்வியும் எழுந்தது. கோபுரம் இந்த மண்ணின் கட்டடக்கலைக்கு அடையாளம், அவ்வளவுதான் என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆண்டாளின் ஊரில், அன்றாடம் பூஜை நடக்கும் ஒரு கோயிலை வெறும் கட்டடமாகச் சொல்வது பக்தர்களுக்கும் நியாயம் செய்யாது, மற்றவர்களுக்கும் நியாயம் செய்யாது. உண்மையான பதிலை அந்த ஆட்சி வரைந்த படத்தில் தேடக் கூடாது. அது இயற்றிய சட்டத்தில் தேட வேண்டும்.

1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்குச் சட்டப் பாதுகாப்பு தேடித்தான் ராஜாஜி அரசு அந்த ஆண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1947-இல் ஓமந்தூரார் அரசின் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் அந்த உரிமையை உறுதி செய்தது. எந்தச் சாதியில் பிறந்த இந்துவும் கோயிலுக்குள் போகலாம், தடுப்பது குற்றம். எந்த ஆட்சியில் கோபுரம் அரசு முத்திரையில் ஏறியதோ, அதே ஆட்சியில்தான் கோபுர வாசல்கள் எல்லாச் சாதியாருக்கும் சட்டப்படி திறந்தன. அன்றைய அரசு மதத்துக்குப் புறமுதுகு காட்டி ஒதுங்கி நிற்கவில்லை. வாசலில் தடுக்கப்பட்டவரின் பக்கம் போய் நின்றது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மத சுதந்திரத்தைத் தந்த கையோடு, இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். ஓமந்தூராருக்குப் பின் 1949 ஏப்ரலில் பொறுப்பேற்ற பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர். தம் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்தவர் அவர். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். 1950 ஜனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் அவரே. அடுத்த ஆண்டு அவருடைய அரசுதான் 1951-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கணக்கில் என்ன வேலை? ஒதுங்கி நிற்பதையும் நாம் முயன்று பார்த்தவர்கள்தாம். 1817-இல் கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கத் தொடங்கிய கம்பெனி ஆட்சி, அது கிறித்தவ அரசுக்கு அடாத செயல் என்ற மிஷனரிகளின் எதிர்ப்பால் மெல்ல விலகியது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. அதன்பின் ஊருக்குப் பொதுவான சொத்து அறங்காவலர் சிலரின் கைக்குள் போனது. கோயில் நிலமும் வருமானமும் கரைகின்றன என்ற முறையீடு பக்தர்களிடமிருந்தே வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் அறநிலையச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான்.

குமாரசாமி ராஜா அரசின் சட்டத்தை உடுப்பி ஷிரூர் மடாதிபதி எதிர்த்து வழக்காடினார். 1954-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. நம்பிக்கை மட்டும் மதமாகாது, சடங்கும் பூஜையும் மதமே. அதில் அரசு கை வைக்க முடியாது. சொத்து நிர்வாகம் வேறு. அதைச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். அதிகாரிகள் நினைத்த நேரத்தில் மடத்துக்குள் நுழைய வழிவிட்ட பிரிவு செல்லாது என்றது. சட்டத்தின் பெரும்பகுதி நிலைத்தது.

இந்துக் கோயில்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்காணிப்பு என்று இன்று பலர் கேட்கிறார்கள். வக்ஃப் சொத்துகளுக்கும் சட்டத்தின் வழி அமைந்த வாரியம் உண்டு. தேவாலயங்களுக்கு அறநிலையத் துறை போன்ற ஒரு துறை இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோயிலை மறுபடியும் சிலர் கையில் ஒப்படைத்தால் அந்த நியாயம் கிடைத்துவிடாது. எந்த மதமானாலும் பொதுமக்கள் தந்த சொத்துக்குப் பொதுக் கணக்கு வேண்டும் என்று கேட்பதே நேரான வழி.

கோயில் வாசலில் அரசுக்கு வேலை உண்டு என்றால், அரசு அலுவலக வாசலில் கடவுளுக்கு வேலை இல்லை. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, பெரியாரின் பாசறையில் வளர்ந்தவர். அவருடைய கட்சி முத்திரையிலிருந்து கோபுரத்தை நீக்கவில்லை. அவர் காலத்தில், 1968-இல், அரசு அலுவலகங்களில் உள்ள கடவுள் படங்களைப் படிப்படியாக எடுத்துவிடும்படி சுற்றறிக்கை போனது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பொதுவான அடையாளம் இருக்கட்டும். வழிபாடு அலுவலகத்தில் வேண்டாம்.

அந்தச் சுற்றறிக்கை இன்று காகிதத்தில்தான் இருக்கிறது. காவல் நிலைய வளாகத்தில் பிள்ளையார் கோயில், அரசு அலுவலகத்தில் ஆயுத பூஜை என்பதெல்லாம் நமக்குப் பழகிவிட்டன. ஊர்வலப் பாதை குறித்து இரண்டு மதத்தாருக்குள் தகராறு வந்து, புகார் கொடுக்க வருபவர் அந்தப் பிள்ளையாரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். தனக்கு நீதி கிடைக்குமா என்ற ஐயம் அவர் மனத்தில் ஒரு கணம் எழுந்தாலும் அங்கே அரசு தோற்றுவிட்டது என்றே சொல்வேன். உள்ளே இருக்கும் ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

ரமலான் நோன்புக் கஞ்சிக்கு அரிசி, ஜெருசலேம் பயணத்துக்கும் மானசரோவர் பயணத்துக்கும் மானியம் என எல்லா மதத்தாருக்கும் கொடுப்பதே மதச்சார்பின்மை என்று ஆட்சிகள் காட்டிக்கொள்கின்றன. கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சலுகையை யாருக்கும் கொடுக்கலாம், பிறகு நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. கோயில் வாசலில் சாதி பார்க்கப்படாமல் இருப்பதும், தாலுகா அலுவலகத்தில் பெயரைக் கேட்டதும் அதிகாரியின் முகம் மாறாமல் இருப்பதும் உரிமை. அந்த உரிமையைக் காக்கும் அரசின் முத்திரையில் கோபுரம் இருப்பது எந்த மதத்தாருக்கும் உறுத்தாது. அதைக் காக்காத அரசு முத்திரையில் எந்தப் படத்தைப் போட்டாலும் மதச்சார்பற்றது ஆகாது.

ஆலயப் பிரவேசம் கோயிலின் வாசலைத் திறந்தது. கருவறையின் வாசல்? 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும் அதன் நெடிய வழக்குகளும் அடுத்த வாரம்.