கிளம்பின வண்டி ஏன் நிக்குது?



பழைய கார் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகிவிடும். எங்க சித்தப்பா பட்டறைக்கு அடிக்கடி வரும் கேஸ் இது. லீவு நாட்களில் அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்ஜினுக்கு மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. நாலு சிலிண்டர் இன்ஜின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், 1600 தடவை உள்ளே எரிய வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி நின்றுவிடும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், மாருதி 800 ஆகியவற்றின் பழைய பெட்ரோல் மாடல்களில் கார்பரேட்டர்தான் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் குறையை நாமதான் கண்டுபிடிக்கணும். டாக்டர் "எப்போலேருந்து காய்ச்சல்?" என்று கேட்பதுபோல, மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எப்போ நிக்குது?"

1. சாவியை விட்டதுமே நின்றால்: செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குக் கரண்ட் ஒரு வழியில் போகும், சாவியை விட்டதும் வேறு வழியில் போகும். சில கார்களில் அந்த இரண்டாவது வழியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதையும் சாவி ஸ்விட்சையும் பார்க்கணும்.

2. சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றால்: இன்ஜின் சூடாகும் முன்பே தள்ளிவிட்டோமா என்று முதலில் பார்க்கணும். சூடான பிறகும் நின்றால் ஸ்லோ ஸ்பீடு ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ ஓட்டை வழியாக அதிகக் காற்று நுழையலாம்.

3. சூடானதும் நின்று, ஆறினதும் கிளம்பினால்: நின்ற உடனே பிளக்கில் தீப்பொறி வருதா என்று சோதிக்கணும். வரவில்லையென்றால் காயில், கண்டன்சர் மேல் சந்தேகம்.

4. தீப்பொறி இருந்தும் கொஞ்ச தூரம் ஓடி நின்றால்: கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்து, புதிதாக வந்து சேரவில்லை. பில்டர், பம்ப், டேங்க் மூடி என்று வரிசையாகப் பார்க்கணும்.

மூடியா என்று சிரிக்காதீர்கள்! கல்யாண வாடகைக்கு ஓட்டுற ஒரு அண்ணன் பழைய காரோடு வந்தார். பம்ப் ஏற்கனவே மாற்றியாச்சு. கார்பரேட்டரையும் மாத்தணும்னு வேறொரு இடத்தில் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் முகூர்த்தம். வண்டி ஓடலைன்னா வாடகை போச்சு, பேரும் போச்சு.

சித்தப்பா கேட்டார்: "எப்போ நிக்குது தம்பி?"

"டேங்க் ஃபுல் பண்ணா ரெண்டு மூணு கிலோமீட்டர்லயே நின்னுடுதுண்ணே. பெட்ரோல் கம்மியா இருந்தா நல்லா ஓடுது."

வண்டியை ஓட்டிப் பார்த்து, நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தார். 'புஸ்'ஸுன்னு காத்து உள்ளே போச்சு. உடனே வண்டி கிளம்பிடுச்சு! மூடியில் இருந்த சின்னக் காற்றுத் துளை அழுக்கால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் சரியாயிடுச்சு.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தானே வரும்? காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்கும் அப்படித்தான். ஃபுல் டேங்கில் மேலே 1 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் லிட்டர் பெட்ரோல் போனதும் அந்தக் காற்று 1¼ லிட்டர் இடத்துக்கு விரியணும். பாயில் விதிப்படி அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், பம்ப் இழுக்கத் திணறும். அதே டேங்கில் 20 லிட்டர் காற்று இருந்தால் கால் லிட்டர் போவது பெரிய வித்தியாசமே இல்லை. நாம் பரீட்சைக்குப் படிக்கும் விதி ஒரு குடும்பத்தின் செலவை மிச்சம் பிடித்தது!

ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். பெரியவர்கள் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

உங்கள் வீட்டில் மிக்ஸியோ ஃபேனோ நின்றாலும் முதலில் பாகத்தை மாற்றாதீர்கள். எப்போது நிக்குது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.