நூற்றுக்கு நூறு, எந்த வாரியத்தில்?

2025 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது 98.82 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது அரியலூர். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பிலும் அரியலூர்தான் முதலிடம். 2023இல் பத்தாம் வகுப்பு முதலிடம் பெரம்பலூருக்கு. ஒரு பக்கம் சிமென்ட் ஆலைகள், மறுபக்கம் மானாவாரி மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் என்று பிழைக்கும் இந்த இரட்டை மாவட்டங்கள், கல்வியில் பின்தங்கியவை என்று நெடுங்காலம் பெயர் வாங்கியவை. அந்தப் பெயரைத் துடைத்தெறிந்த ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பெருமை தகும்.

ஆனால் தேர்ச்சியோடு வேலை முடிவதில்லை. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ மாநிலப் பாடத்திட்டத்தில் 95 வாங்கிய மாணவி, சென்னையில் சிபிஎஸ்இ-யில் 95 வாங்கிய மாணவனோடு ஒரே தரவரிசைப் பட்டியலில் நிற்கப்போகிறார். இரண்டு 95-உம் ஒன்றா? பாடநூல் வேறு, வினாத்தாள் வேறு, விடைத்தாள் திருத்தும் முறையும் வேறு. அந்த இரண்டையும் ஒன்றாக்க அரசு என்ன செய்கிறது என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் அதில் பின்தங்குகிறார்கள் என்ற வாதத்தை ஏற்று, 2006இல் சட்டம் இயற்றி அதை ஒழித்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானதும், பல வாரிய மதிப்பெண்களைச் சமன்படுத்த ஒரு வழி தேவைப்பட்டது. பொறியியல் கவுன்சிலிங்கில் இன்றும் நடப்பது இதுதான்: ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த வாரியத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண், மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வார்கள். இயற்பியலில் மாநில வாரிய உச்சம் 100, இன்னொரு வாரிய உச்சம் 90 என்றால், அந்த வாரியத்தில் 60 எடுத்தவருக்கு 66.67 ஆகும். இப்படிக் கணக்கிட்ட பிறகே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்கு கட்-ஆஃப் வரும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், ஒரு வாரியத்தில் எழுதிய லட்சக்கணக்கானோரின் நிலையை ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண் முடிவு செய்கிறது. கடினமாகத் திருத்தும் வாரியத்தில்கூட எங்கோ ஒருவர் சென்டம் எடுத்துவிட்டால் போதும். உச்சம் இங்கும் 100, அங்கும் 100. சூத்திரம் எதையும் மாற்றாது. சென்டம் மலிந்த இந்தக் காலத்தில் இந்தச் சமன்பாடு பல பாடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சராசரியை வைத்துச் சமன்படுத்தலாமே என்றால், கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு வாரியத்தின் சராசரியையும் மதிப்பெண் பரவலையும் கொண்டு கணக்கிட்டார்கள். தாராளமாக மதிப்பெண் வழங்கும் மாநில வாரியத்துப் பிள்ளைகள் அதில் மதிப்பெண் இழந்தார்கள். 2025இல் நம் முறையை ஒத்த உச்ச மதிப்பெண் முறைக்கு அரசு மாறியது. தேர்வெல்லாம் முடிந்த பிறகு விதியை மாற்றியது தவறு என்று ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, பழைய முறைப்படி மீண்டும் பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்த மாநிலப் பாடத்திட்ட மாணவர் ஏழாம் இடத்துக்குப் போனார். அதே மாணவர், அதே விடைத்தாள். மாறியது கணக்கு மட்டும்.

மத்திய அரசுக்கும் இது கைவரவில்லை. ஜேஇஇ மெயின் தரவரிசையில் 2013 முதல் பள்ளி மதிப்பெண்ணுக்கு 40 சதவீத மதிப்பு கொடுத்து, வாரியங்களைச் சமன்படுத்தியும் பார்த்துவிட்டு, 2017இல் கைவிட்டார்கள்.

சூத்திரமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால் என்ன? அதற்கான பதிலும் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. குழுமூர் அனிதா 2017இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். மருத்துவ கட்-ஆஃப் 196.75. நீட் தேர்வில் 720-க்கு 86. மாநில வாரிய மாணவர்களுக்கு 85 சதவீத இடம் ஒதுக்கிய அரசாணையை அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டு டெல்லி வரை போன அனிதா, செப்டம்பர் 1 அன்று உயிரிழந்தார். பின்னர் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது; அதன் அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1176 பொய்யா, 86 பொய்யா என்று அன்று பலர் வாதிட்டார்கள். இரண்டும் பொய் இல்லை. மாநில வாரியம் கற்பித்ததை ஒரு தேர்வு அளந்தது. வேறொரு பாடத்திட்டத்தை ஒட்டியதை, பயிற்சி மையத்துக்குக் கட்டக் காசிருந்தவர்களுக்குத் தோதான முறையில், இன்னொன்று அளந்தது.

வாரியங்களைச் சமன்படுத்துவதில் தமிழ்நாடு ஒருமுறை சரியான இடத்தில் கை வைத்தது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வாரியங்கள் இருந்த காலத்தில் பத்தாம் வகுப்புக்கு மாநில வாரியத்தாருக்கு 500 மதிப்பெண், மெட்ரிக்காருக்கு 1100. முத்துக்குமரன் குழு பரிந்துரையை ஒட்டி 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்கப்பட்டு, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உயிர் பெற்றது. அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே வினாத்தாளை எழுதினார்கள். மதிப்பெண் வந்த பிறகு கணக்குப் போடாமல், பாடநூலிலும் வினாத்தாளிலும் சமன் செய்தது அது. வசதியுள்ள நிர்வாகங்கள் பல பின்னர் சிபிஎஸ்இ பக்கம் சாய்ந்தது வேறு கதை.

தேசிய அளவில் இப்போது ‘பரக்’ என்ற அமைப்பு 2023 முதல் வாரியங்களின் சமநிலையைப் பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே 15, 20, 25, 40 சதவீதம் என மதிப்பெண்களைச் சேர்த்து பிளஸ் டூ இறுதி மதிப்பெண் கணக்கிடலாம் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. தமிழ்நாடோ 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே நீக்கிவிட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசை. பதினான்கு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வினாத்தாள்களின் தரத்தை ஒப்பிட வேண்டும் என்ற பரக்கின் அடிப்படை சரி. சிபிஎஸ்இ மேல்வகுப்புகளில் பாதி வினாக்களைப் பயன்பாட்டுத் திறனைச் சோதிப்பவையாக்கிவிட்டது. நம் பிள்ளைகள் இன்னும் ‘புக் பேக்’ ஒரு மதிப்பெண் வினாவை மனப்பாடம் செய்துகொண்டிருந்தால், எந்தச் சூத்திரமும் அவர்களைக் காப்பாற்றாது.

பள்ளிக் கல்வித் துறை இரண்டு காரியம் செய்யலாம். மாநில வினாத்தாளில் யோசித்து எழுத வேண்டிய வினாக்களின் பங்கை ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவித்து உயர்த்துவது ஒன்று. அதற்கு ஆசிரியர்களைத் தயார்செய்ய அரசுப் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தது, தேர்ச்சி சதவீதத்தோடு, ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை பேர் எந்த மதிப்பெண் வரம்பில் என்று மாவட்ட வாரியாக வெளியிடுவது. அரியலூர் 98.82 என்பது ஆட்சியருக்குப் போதும். பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்த இரண்டாவது பட்டியல்தான் வேண்டும்.